தலையெழுத்தா? புகையெழுத்தா?

(சுயமரியாதைச் சங்க ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் சாமியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேசப்போவதில்லை என்று சொன்னால் உங்களில் சிலருக்கு ஏமாற்றமாகவும், எதிரே டீக்கடை வாசலில் நின்று காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்திருக்கும் ஆஸ்திகத் தோழர்களுக்குச் சற்று ஆறுதலாகவும் இருக்கலாம். இரு சாராரும் அவசரப்பட வேண்டியதில்லை. நாம் பேசப்போவது புகையைப் பற்றி. அடுப்புப் புகை, பீடிப் புகை, ஊதுவத்திப் புகை, யாகப் புகை எல்லாம் அதில் அடக்கம். அந்தப் புகை நம் நெஞ்சுக்குள் போய் என்ன காரியம் செய்கின்றது என்பதை, இந்த இருபது இருபத்தைந்து வருஷ காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து பார்த்துச் சொல்லியிருக்கின்றார்கள். அதைக் கேட்டபின் சாமிக்கும் சாதிக்கும் விதிக்கும் அதில் இடம் இருக்கின்றதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் நம் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். நமது தாயார் முப்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர். பீடி, சுருட்டு, மூக்குப்பொடி எதையும் தொட்டவர் அல்ல. ஐம்பது வயதுக்குள் அவருக்கு இரைப்பு வந்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஜோசியர் ஏழரைச் சனி என்றார். பக்கத்து வீட்டார் செய்வினை என்றார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல் ஆயிற்று. அதாவது புகையால் வந்த நோய்க்கு மறுபடியும் நெருப்புச் சட்டியையே கையில் கொடுத்தார்கள்! கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர், “இந்த அம்மாள் பீடி குடிப்பாரா?” என்று கேட்டார். நமது தகப்பனாருக்கு மகா கோபம் வந்துவிட்டது. “எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையைப் பார்த்தா அந்தக் கேள்வி?” என்று அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதன் பிறகு, “அவள் தலையெழுத்து” என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

எல்லோரும் தலையைப் பார்த்தார்கள், நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைப் பார்த்தார்கள். அடுப்பை மாத்திரம் ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர்களை மட்டும் குறை சொல்லுவது யோக்கியமாகாது, தோழர்களே. நாம் அப்போதே கருப்புச் சட்டை போட்டு ஊர் ஊராய்ப் போய், விதி என்பது பொய் என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தவர்தான். பேசிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்தால், அந்த அம்மாள் இருமிக்கொண்டே ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதிக் குழம்பைச் சுடவைத்துப் போடுவார். உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சமையலறையில் ஒரு ஜன்னல் கூடக் கிடையாது என்பது அவர் செத்துப்போன பிறகுதான் நமது கண்ணுக்குப் பட்டது.

இப்பொழுது விஷயத்துக்கு வருவோம்.

நமது உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய அவ்வளவிலும் உள்ளே ஓர் ஏட்டுக்கட்டு இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏட்டுக்கட்டில் ஏறக்குறைய 20,000 ஏடுகள் உண்டு. ஒவ்வொரு ஏடும், உடம்புக்கு வேண்டிய ஒரு சரக்கை எப்படிச் செய்வது என்ற பக்குவத்தைச் சொல்லுவது. இந்த ஏட்டைத்தான் ஜீன் என்றும் மரபணு என்றும் சொல்லுகின்றார்கள். கண்ணில் உள்ள உயிரணுவிலும் அதே கட்டுத்தான். குதிகாலில் உள்ள உயிரணுவிலும் அதே கட்டுத்தான். அப்படியானால் கண் ஏன் கண்ணாகவும் குதிகால் ஏன் குதிகாலாகவும் இருக்கின்றது? கட்டு ஒன்றானாலும் திறந்து படிக்கும் ஏடு வேறு. நாடகக் கம்பெனியில் எல்லோரிடத்திலும் முழு நாடகப் புத்தகம் இருந்தாலும், ராஜபார்ட்டுக்காரன் தன் வசனத்தைத்தான் பேசுகின்றான், கோமாளி தன் வசனத்தைத்தான் பேசுகின்றான் அல்லவா? அதைப்போல.

ஆகவே ஏட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்பது மாத்திரம் போதாது. எந்த ஏடு அவிழ்ந்திருக்கின்றது, எந்த ஏடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றது, திறந்த ஏடு ஒரு தரம் படிக்கப்படுகின்றதா நூறு தரம் படிக்கப்படுகின்றதா என்பதும் முக்கியம். அந்தத் திறப்பையும் மூடலையும் செய்வது பிரம்மாவும் அல்ல, சித்திரகுப்தனும் அல்ல. நாம் தின்னும் தீனி, குடிக்கும் தண்ணீர், இழுக்கும் காற்று இவைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. இதை எதற்காக இவ்வளவு விரித்துச் சொல்லுகின்றோம் என்றால், இப்பொழுது நாலு எழுத்துப் படித்தவர்கள் தலையெழுத்து என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அதே கருத்தை “எல்லாம் ஜீன் ஸார்” என்று சொல்ல ஆரம்பித்திருக்கின்றார்கள். பழைய கள்ளுக்குப் புது மொந்தை! ஜீன் என்றால் மாறாத விதி என்று இவர்களுக்கு எந்த ஆராய்ச்சிக்காரன் சொன்னான் என்று கேட்கின்றோம்.

சரி, புகை உள்ளே போனால் என்ன நடக்கின்றது?

பீடியோ சிகரெட்டோ பற்றவைத்தால் வரும் புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனச் சரக்குகள் இருக்கின்றன. அவைகளில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. விறகு, வறட்டி, நிலக்கரி ஆகியவைகளின் புகையிலும் இவைகளில் பல இருக்கவே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் கரி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு சளியோடு வெளியே வந்துவிடும். மயிரிழையின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கும் அதற்குக் குறைந்ததுமான தூசி இருக்கின்றதே, அதுதான் நுரையீரலின் கடைசிப் பை வரையில் போய் உட்கார்ந்துகொள்ளுகின்றது.

புகையில் உள்ள தாரில் பென்சோபைரீன் என்று ஒரு விஷம் உண்டு. அது நுரையீரல் உயிரணுவுக்குள் நுழைந்ததும் அங்கே தலையாரி மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ளுகின்றது. பிடித்த கையோடு ஏட்டுக்கட்டு இருக்கும் உள்ளறைக்குள் ஓடி, அதுவரையில் கட்டிக்கிடந்த சில ஏடுகளை அவிழ்த்துவிடுகின்றது. அந்த ஏடுகள், விஷத்தைக் கரைத்து வெளியேற்றும் சரக்கைத் தயாரிப்பவை. நல்ல ஏற்பாடுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தச் சரக்கு விஷத்தைக் கரைக்கும் வழியில், பாதிக் காரியத்தில், அதை முன்னிலும் கொடிய வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. அந்தப் பொருள் நேரே போய் ஏட்டின்மேலேயே ஒட்டிக்கொண்டு எழுத்தைக் கெடுக்கின்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். “இவ்வளவு அழகான உடம்பைப் படைத்த ஆண்டவனின் அற்புதத்தைப் பார்” என்று உபந்நியாசம் செய்கின்றவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கினால் நல்லது.

உயிரணு தறிகெட்டுப் பெருகாமல் தடுக்கும் காவல் ஏடு ஒன்று உண்டு. பி-53 என்று அதற்குப் பெயர். நுரையீரல் புற்றில் அந்த ஏட்டின் எழுத்து எந்தெந்த இடத்தில் அடிக்கடி கெட்டிருக்கின்றதோ, அதே இடங்களில்தான் இந்தத் தார் விஷமும் விரும்பிப் போய் ஒட்டுகின்றது என்பதை 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் காட்டினார்கள். திருடனின் கைரேகை கிடைத்தது போல. அதுவரையில், “புகைக்கும் புற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது வெறும் கணக்குத்தானே” என்று சொல்லிக்கொண்டிருந்த சிகரெட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு அது பெரிய அடி.

நாள் ஒன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டு வீதம் ஒரு வருஷம் குடித்தால், நுரையீரலின் ஒவ்வோர் உயிரணுவிலும் சராசரி 150 எழுத்துப் பிழை ஏறுகின்றது என்று 2016-ல் கணக்கிட்டிருக்கின்றார்கள். பீடிக் குடியர்கள், “நாம் குடிப்பது வெறும் இலைதானே” என்று சந்தோஷப்பட வேண்டாம். பீடிப் புகையில் தாரும் நிகோடினும் கரியமில விஷவாயுவும் சாதாரண சிகரெட்டைவிடக் கூடுதல். சிறியதாக இருந்தாலும் அணைந்து போகாமல் இருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டியிருக்கின்றது. இது நமது சொந்த அனுபவமும் கூட. பதினெட்டு வருஷம் குடித்தோம்.

எழுத்துப் பிழை ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்து கெடாமலேயே ஏடு தாறுமாறாகத் திறந்து மூடுவதால் வரும் தீங்கைக் கேளுங்கள். நமது மூச்சுக் குழலின் உள்சுவரில் நுண்ணிய மயிர் போன்ற அமைப்பு இருக்கின்றது. அது ஓயாமல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் துடைப்பம் போல மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகை பட்டுக்கொண்டே இருந்தால் சளியைச் செய்யும் ஏடு அளவுக்கு மேல் படிக்கப்படுகின்றது. துடைப்பத்தைச் செய்யும் உயிரணுவோ குறைந்துகொண்டே போகின்றது. சளி அதிகம், துடைப்பம் இல்லை. விடியற்காலையில் பீடிக்காரர் வீட்டுத் திண்ணையில் கேட்கும் இருமல் இதுதான். வைத்தியர், “கபம் ஏறிவிட்டது” என்பார், வாஸ்தவந்தான், ஏறிவிட்டது. ஏற்றியது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அல்லவா அது வைத்தியம்?

இதோடு, காயம் பட்ட இடத்துக்குப் படையை அழைக்கும் ஏடுகளையும் புகை திறந்துவிடுகின்றது. இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வந்த படை எதிரியைக் காணாமல் அங்கேயே தங்கி, சொந்த ஊரையே சூறையாடுகின்றது. நுரையீரலின் மெல்லிய பைகள் கிழிந்துபோகின்றன. கிழிந்த பை மறுபடி தைக்கப்படுவதில்லை. இந்தப் படையை அடக்கத்தான் உறிஞ்சு மருந்து கொடுக்கின்றார்கள். அந்த மருந்து, திறந்த ஏட்டை மூடச்சொல்லி உத்தரவு போடுவது. உத்தரவை நிறைவேற்றும் ஒரு புரதம் இருக்கின்றது. நாள்பட்ட இரைப்புக்காரரின் நுரையீரலில் அந்தப் புரதமே குறைந்துபோயிருக்கின்றது என்று 2005-ல் லண்டன் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். அதனால்தான் ஆஸ்த்துமாக்காரருக்குக் கேட்கும் மருந்து இவருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. “மருந்துக்கும் கட்டுப்படாததால் இது சாமி குற்றம்” என்று நம் ஊரில் சொல்லுகின்றார்களே, அதற்குச் சமாதானம் இங்கே இருக்கின்றது.

தோழர்களே, பீடி சிகரெட்டைப் பற்றியே பேசிக்கொண்டு போனால், “அது ஆண்பிள்ளை சமாசாரம்” என்று தாய்மார்கள் நினைத்துவிடக்கூடும். ஆகையால் சீனாவுக்குப் போவோம்.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஒரு ஜில்லா. அங்குள்ள குடியானவப் பெண்கள் புகை குடிப்பது கிடையாது என்றே சொல்லலாம். ஆண்கள்தான் குடிப்பவர்கள். அப்படியிருந்தும் அந்தப் பெண்களின் நுரையீரல் புற்றுச் சாவு சீன தேசத்திலேயே மிக அதிகமான கணக்கில் ஒன்றாக இருந்தது. நம் ஊராக இருந்திருந்தால் ஏதோ பத்தினி சாபம் என்று ஒரு ஸ்தல புராணமே எழுதியிருப்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். வீட்டின் நடுவில் தரையில் ஒரு குழி. அதில் அந்தப் பிரதேசத்தில் கிடைக்கும் புகை மிகுந்த நிலக்கரி. புகைபோக்கி கிடையாது. பெண்கள் காலை முதல் ராத்திரி வரை அதன் பக்கத்தில். பிற்பாடு, புகை குடிக்காத அந்தப் பெண்களின் புற்றுக் கட்டியை எடுத்துப் பார்த்தபோது, முன் சொன்ன தார் விஷம் விட்டுப்போகும் அதே மாதிரியான எழுத்துப் பிழை அதில் இருந்தது. வாயில் சிகரெட்டு இல்லை. ஆனால் நுரையீரலுக்கு அது தெரியாது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். பல குடும்பங்கள் அந்தக் குழி அடுப்பை விட்டுப் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. 21,000-க்கு மேற்பட்ட குடியானவர்களை 1976 முதல் 1992 வரையில் தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்து, 2002-ல் வெளியிட்டார்கள். அடுப்பை மாற்றியவர்களுக்கு நுரையீரல் புற்று ஏறக்குறைய பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. அதே ஜனங்கள், அதே மலை, அதே நிலக்கரி, அதே நட்சத்திரங்கள். மாறியது ஒரு புகைபோக்கி. பிரம்மா எழுதிய எழுத்தைச் செங்கல்லும் களிமண்ணும் அழித்துவிட்டது என்றால், அந்தப் பிரம்மாவுக்குப் படையல் எதற்கு என்று கேட்கின்றோம். அந்தச் செலவில் புகைபோக்கியே கட்டிவிடலாமே!

நம் நாட்டிலும் கல்கத்தாவில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்தவர்கள், விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் கிராமத்துப் பெண்களின் சளியில் வரும் உயிரணுக்களைச் சோதித்து, காஸ் அடுப்புப் பெண்களைவிட அவர்களுக்கு ஏட்டுச் சேதம் கூடுதல் என்று கண்டிருக்கின்றார்கள். வீட்டுப் புகையால் 2020-ம் வருஷத்தில் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகின்றது. ஒரு யுத்தத்தில் இவ்வளவு பேர் செத்தால் பத்திரிகைகள் என்ன பாடு படும்! அடுப்படியில் சாவதால் இது சமாசாரமாகவே ஆவதில்லை.

இந்த இடத்தில் நமக்குச் சாதகமில்லாத ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பகுத்தறிவு என்பது நமக்குப் பிடித்த சாட்சியை மாத்திரம் கூப்பிடுவது அல்ல. நமது தமிழ்நாட்டிலும், கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளை எடுத்து, பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் காஸும் இலவசமாகக் கொடுத்து, பாதிப் பேரைப் பழைய அடுப்பிலேயே விட்டுப் பார்த்தார்கள். காஸ் கிடைத்தவர்கள் இழுக்கும் புகைத் தூசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையோ சொல்லத்தக்க அளவில் கூடவில்லை. 2022-ல் இதை ஒளிக்காமல் அச்சுப்போட்டார்கள். இதிலிருந்து, புகை நல்லது என்று ஏற்படாது. கர்ப்பத்தின் நடுவில் சில மாதம் அடுப்பை மாற்றுவது எடை விஷயத்தில் போதவில்லை என்றுதான் ஏற்படும். சுவான்வெயிலும் குறைவு தெளிவாகத் தெரிய பத்து வருஷம் பிடித்தது. பலிக்காத பரிகாரத்தைப் பலிக்கவில்லை என்று எந்த ஜோசியராவது இதுவரையில் அச்சுப்போட்டதுண்டா?

கர்ப்பிணி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. பிறந்த குழந்தையின் குறைக்குப் பூர்வ ஜென்ம பாவம் என்று ஒரு காரணம் சொல்லுவார்கள் அல்லவா? 2016-ல் 13 ஆராய்ச்சிக் கூட்டத்தார் சேர்ந்து 6,685 குழந்தைகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலும் தொப்புள் கொடி இரத்தம். கர்ப்ப காலத்தில் தாய் புகை குடித்திருந்தால், குழந்தையின் ஏட்டுக்கட்டில் 6,000-க்கு மேற்பட்ட இடங்களில் அந்த அடையாளம் இருந்தது. அவைகளில் முக்கியமான ஓர் இடம், முன் சொன்ன தலையாரியை அடக்கிவைக்கும் ஏட்டில். ஆகவே பிறக்கும் முன்பே எழுதப்படுவது ஒன்று உண்டு என்பது மெய்தான். அதை எழுதுவது போன ஜென்மத்துப் பாவம் அல்ல. இந்த ஜென்மத்துப் புகை. குடித்தது தாயாக இல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. ஜப்பானில் புகை குடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷம் கவனித்து 1981-ல் சொன்னது என்ன? புருஷன் எவ்வளவு அதிகம் குடிக்கின்றானோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்று அதிகம். பதிவிரதா தர்மம் பேசுகின்ற புருஷர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யாகத்துக்கு வருவோம். யாகப் புகை காற்றைச் சுத்தப்படுத்துகின்றது என்றும், அதில் விஞ்ஞானம் இருக்கின்றது என்றும் இப்போது மேடை போட்டுப் பேசுகின்றார்கள். அரைகுறையாக எரியும் எதுவும் தாரையும் விஷவாயுவையும் நுண் தூசியையும் கக்கும். எரிவது அரச சமித்தா, வேலிக்கருவையா என்று நுரையீரல் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. நெய்யை ஊற்றிவிட்டதால் புகை பிராமணப் புகை ஆகிவிடுவதும் இல்லை. உண்மையில் அந்தக் குண்டத்துக்கு மிக அருகில் நாள் முழுவதும் உட்காரும் புரோகிதரைப் பற்றித்தான் நமக்கு விசாரம். பூணூல் புகையை வடிகட்டாது. அவருடைய நெஞ்சுக்குள்ளும் அதே தலையாரி, அதே ஏடுகள். ஊதுவத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 61,320 சீனர்களைக் கவனித்து 2008-ல் எழுதியதில், வீட்டில் நெடுங்காலம் ஊதுவத்தி கொளுத்தி வந்தவர்களுக்கு மேல் மூச்சுப் பாதையில் வரும் புற்று அதிகம் என்று கண்டிருக்கின்றார்கள். அவர்கள் கொளுத்தியது புத்தருக்கும் முன்னோருக்கும். நம்மவர்கள் கொளுத்துவது பிள்ளையாருக்கு. இதில் மாத்திரம் எல்லா மதமும் சம்மதம்! போகியன்று டயரைக் கொளுத்துவதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பனியும் போகிப் புகையும் சேர்ந்து விமானங்களை இறங்கவிடாமல் செய்ததை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பொங்கல் நமது விழாதான்; நன்றாகக் கொண்டாடுங்கள். டயர் நமது விழா அல்ல.

போன மாதம் ஒரு கிராமத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, எங்கள் அப்பாரு தொண்ணூறு வயசு மட்டும் சுருட்டுக் குடிச்சாரு. நீ என்னமோ சொல்லுறியே” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நல்ல கேள்விதான். ஏட்டுக்கட்டில் ஆளுக்கு ஆள் சிறு சிறு வித்தியாசம் உண்டு. சிலர் விஷத்தைச் சற்று நன்றாகக் கழிக்கின்றார்கள். கிணற்றில் விழுந்து பிழைத்து ஏறி வந்தவரும் ஊருக்கு ஒருவர் இருப்பார். அதற்காக மற்றவர்களும் குதிக்கலாமா? சுருட்டுக் குடித்துத் தொண்ணூறு வரை இருந்தவர் எதிரே உட்கார்ந்து கதை சொல்லுகின்றார். ஐம்பதில் போனவர்கள் கதை சொல்ல வருவதில்லை. “அப்படியானால் நாப்பது வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?” என்று அதே பெரியவர் அடுத்த கேள்வியும் கேட்டார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. விதி என்ற எண்ணம் செய்யும் மோசத்தில் மிகப் பெரிய மோசம் இந்த இரண்டாவது கேள்விதான்.

அதற்கு ஆராய்ச்சி சொல்லும் பதிலைக் கேளுங்கள். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் சர்வகலாசாலையில், குடிப்பவர், குடித்து விட்டவர், குடிக்காதவர் மூன்று சாராரின் மூச்சுக் குழலுக்குள்ளும் குழாயை விட்டு, சிறு பிரஷ்ஷால் உயிரணுக்களைத் துடைத்தெடுத்து, எந்தெந்த ஏடு எவ்வளவு திறந்திருக்கின்றது என்று பார்த்தார்கள். குடிப்பவர்களிடம் ஏறக்குறைய நூறு ஏடுகள் மாறியிருந்தன. விட்டு இரண்டு வருஷம் ஆனவர்களிடம் அவைகளில் பெரும்பாலானவை பழையபடி திரும்பிவிட்டன. சில ஏடுகள் மாத்திரம் பல வருஷம் ஆனாலும் திரும்பவில்லை. அவைகளில் புற்றுநோய் சம்பந்தப்பட்டவையும் உண்டு. ஆகவே குடித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் கணக்குப் போட வேண்டாம்.

2020-ல் இங்கிலாந்தில் பார்த்தது இதைவிட ஆச்சரியம். புகை குடிப்பவர்களின் நுரையீரலில் பத்துக்கு ஒன்பது உயிரணுக்களுக்கு மேல் கெட்டிருந்தன. 10,000 பிழை வரையில் கூடுதல். விட்டவர்களிடமோ, உயிரணுக்களில் 40 சதவீதம் வரை, ஒருநாளும் குடிக்காதவருடையதைப் போல ஏறக்குறையச் சுத்தமாக இருந்தன. எங்கேயோ புகை படாமல் ஒதுங்கிக் கிடந்த நல்ல உயிரணுக்கள், விட்ட பிறகு பெருகிக் கெட்டவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுகின்றன போலும் என்று அபிப்பிராயப்படுகின்றார்கள். இங்கிலீஷ் டாக்டர்களையே ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-ல் எழுதிய கணக்கு ஒன்றும் உண்டு. அறுபது வயதில் விட்டவருக்கு 3 வருஷம், ஐம்பதில் விட்டவருக்கு 6, நாற்பதில் விட்டவருக்கு 9, முப்பதில் விட்டவருக்கு 10 வருஷ ஆயுள் திரும்பக் கிடைக்கின்றது. மார்க்கண்டேயனுக்கு ஆயுள் கிடைத்ததாகச் சொல்லும் கதையில் எமனை உதைக்க வேண்டியிருந்தது. இங்கே உதைக்க வேண்டியது ஒரு பீடிக்கட்டு.

அந்தப் பெரியவருக்கு அறுபத்தொன்று. கணக்கைச் சொன்னோம். மடியில் இருந்த கட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டார். விட்டாரா என்று தெரியாது. நாம் விடுவதற்கே ஐந்து தரம் பிடித்தது.

பீடியை விடுவது குடிப்பவன் கையில் இருக்கின்றது. அடுப்பு அப்படியல்ல. அடுப்பின் முன் உட்காருகின்ற பெண்ணுக்கு அடுப்பை மாற்றும் அதிகாரம் எந்த வீட்டில் இருக்கின்றது? 2006-க்குப் பிறகு நம் ராஜ்ய சர்க்கார் இலவசமாகக் காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய சர்க்காரும் ஏழைப் பெண்கள் பெயரில் காஸ் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியங்கள். ஆனால் இன்றும் கிராமங்களில் போய்ப் பாருங்கள். சிலிண்டருக்குப் பூப்போட்ட உறை தைத்து மூலையில் நிறுத்திவிட்டு, வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகையே எரிக்கும் வீடுகள் எத்தனை! கேட்டால், சிலிண்டர் விலை என்பார்கள். விலை கொடுமைதான், சர்க்காரைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே வீட்டில் புருஷனுடைய பீடிக்கும் டீக்கும் பஸ் ஸ்டாண்டுப் பேச்சுக்கும் ஆகும் செலவை யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா? “விறகுச் சமையல்தான் ருசி” என்று ஒரு கூட்டம் வேறு சொல்லுகின்றது. அந்த ருசிக்காரர்களை ஒரு மாதம் ஊதாங்குழலும் கையுமாக உட்காரவைத்தால் ருசி தெரிந்துவிடும். பெண் என்றால் அடுப்பு என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை, தோழர்களே. அந்த 20,000 ஏட்டிலும் தேடிப் பார்த்தாயிற்று. அது மனுவும் அவரைப் பின்பற்றிய நம் பாட்டன்மார்களும் எழுதிவைத்த ஏடு.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கின்றார். ஒரே ஒரு காரியம் பாக்கி. இந்தப் பந்தலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நம் விழாவுக்காக மத்தியானத்திலிருந்து சமையல் நடக்கின்றது. வரும்போது எட்டிப் பார்த்தோம். நாலு பக்கமும் அடைத்து, உள்ளே மூன்று விறகடுப்பு. ஆறு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்கின்றார்கள். நாம் விதியை எதிர்த்துப் பேசும் பேச்சு அவர்களுக்குப் புகைக்கு நடுவில் எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியவில்லை. இளைஞர்களில் நாலு பேர் இப்போதே போய் இரண்டு பக்கத்துக் கீற்றையும் பிரித்துவிட வேண்டும். இன்னும் நாலு பேர் கரண்டியை வாங்கிக்கொண்டு அந்தத் தாய்மார்களை இங்கே அனுப்பிவைக்க வேண்டும். பெஞ்சில் இடம் விடுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு கேள்வி கேட்க ஆரம்பிக்கலாம். முதல் கேள்வி அவர்கள் பக்கத்திலிருந்து வரட்டும்.